நீரேற்று நிலையங்களின் அமைப்பு

பள்ளம் கண்டவிடத்துப் பாய்வது நீரின் இயல்பு. அவ்வியல்பினை அறிந்தே பண்டையோர் குளத்தை மேட்டிலும் வயலைத் தாழ்விலும் அமைத்தனர். உரோமர் தம் நகரங்களுக்குப் பல மைல் தொலைவிலிருந்து நீர் கொணர்ந்ததும், கலாவாவியின் நீர் யோத எலவின் வழியே அநுராதபுரத்துத் திசா வாவியை அடைந்ததும் நிலத்தின் சரிவொன்றையே துணையாகக் கொண்டாம். சரிவு உள்ளவிடத்துக் கூலியில்லை; எரிபொருள் இல்லை; பழுதுபடுதற்கு உறுப்பும் இல்லை. ஆதலால், நீர்வேலையை வகுக்கும் பொறியியலாளன் முதலில் எழுப்பவேண்டிய வினா, "எத்தகைய பம்பி வேண்டும்?" என்பதன்று, "பம்பி இன்றியே இக்காரியம் முடியாதோ?" என்பதாம். முடியாது என்பது உறுதியான பின்னரே நீரேற்று நிலையத்தின் கதை தொடங்குகின்றது.

நகரங்களில் இந்நிலையங்கள் மூவகைப் பணிக்கு வேண்டப்படுகின்றன. குடிநீரை ஆற்றிலிருந்தோ கிணற்றிலிருந்தோ உயர்ந்த தாங்கிக்கு ஏற்றுதல் ஒன்று. தாழ்ந்த பகுதிகளிற் சேரும் கழிவுநீரை மேலுள்ள சாக்கடைக்கோ சுத்திகரிப்பு நிலையத்துக்கோ ஏற்றுதல் மற்றொன்று. பெருமழை நீரைத் தாழ்நிலத்தினின்று வெளியேற்றுதல் மூன்றாவது. மூன்றிலும் பம்பியே கருவியாயினும் மூன்றும் ஒன்றல்ல. குடிநீர் நிலையம் நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவான வேலையைச் செய்கின்றது. அது ஒருநாள் நின்றால் தாங்கியிலுள்ள நீர் சில மணிநேரமாவது ஊரைத் தாங்கும். கழிவுநீர் நிலையத்துக்கு அத்தகைய ஓய்வில்லை. வீடுகளினின்று வருவது வந்துகொண்டே இருக்கும். மழைநீர் நிலையமோ பல மாதம் உறங்கிக் கிடந்து, ஓரிரவில் தன் முழு வலிமையையும் காட்டவேண்டியது. அந்த ஓரிரவிலேதான் மின்சாரம் தடைப்படுவதும், வீதிகள் மூடப்படுவதும், பணியாளர் வந்துசேர இயலாதுபோவதும் நிகழும்.

பம்பியின் இயல்பிலே முதலில் உணரவேண்டியது, அது நீரை "உறிஞ்சுவதில்லை" என்பதாம். பம்பி தன் வாயிலில் அமுக்கத்தைக் குறைக்கின்றது. வெளியேயுள்ள வளிமண்டலமே நீரை உள்ளே தள்ளுகின்றது. உறிஞ்சும் பம்பியால் ஓர் எல்லைக்குமேல் நீரை உயர்த்த முடியாமையைக் கலிலியோ 1638இல் வெளியிட்ட தம் நூலிலே குறிப்பிட்டார். அதன் காரணத்தை இரசக்குழாய்ச் சோதனையால் விளக்கியவர் அவர்தம் மாணாக்கரான தொரிசெல்லி. கடல்மட்டத்தில் வளிமண்டலம் தாங்கக்கூடிய நீர்நிரலின் உயரம் ஏறத்தாழ 10.3 மீற்றர். நடைமுறையிலே 6 அல்லது 7 மீற்றருக்கு மேல் இதனை நம்புதல் தகாது. மலைநாட்டில் இவ்வெல்லை மேலும் சுருங்கும். ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளிமண்டலம் தாங்கும் நிரல் 8 மீற்றரைச் சிறிதே கடக்கும். ஆழக் கிணறுகளில் இயந்திரத்தைக் கிணற்றினுள்ளே ஒரு தட்டின்மீது இறக்கி வைப்பதன் காரணம் இதுவே.

எல்லையை மீறினால் விளைவது நீர் வராமை மட்டுமன்று. பம்பியின் சுழலியருகில் அமுக்கம் மிகக் குறையும்போது, நீர் சூடேறாமலேயே கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றுகின்றன. அவை அமுக்கம் கூடிய இடத்தை அடைந்ததும் சட்டென நொறுங்கும். அவ்வதிர்ச்சி உலோகத்தையே கறையான் அரித்தாற்போலக் குழிகுழியாக அரித்துவிடும். பம்பியினுள்ளே சரளைக்கல் உருளுவது போன்ற ஓசை கேட்பின், பழகிய பணியாளன் இதனை உடனே அறிவான். இத்தொல்லையை ஒழிக்கும் எளிய வழி, பம்பியை நீர்மட்டத்துக்குக் கீழேயே அமைத்து, நீர் தானாகவே அதன் வாயிலை அடையச் செய்தலாம். நிலையத்தை நிலத்தினுள்ளே ஆழமாகத் தோண்டும் செலவு இதனாலேயே ஏற்கப்படுகின்றது.

இனி, எவ்வளவு வலு வேண்டும்? செக்கனுக்கு 100 இலீற்றர் நீரை 30 மீற்றர் உயர்த்த, கணக்கின்படி ஏறத்தாழ 29 கிலோவாற்று போதும். பம்பியும் மோட்டரும் சேர்ந்து நூற்றுக்கு எழுபது பங்கு திறனுடையனவாயின், வேண்டுவது 42 கிலோவாற்று ஆகும். ஆயின் உயரம் மட்டுமே பம்பியின் சுமையன்று. குழாயின் உராய்வும் சுமையே. ஒரே அளவு நீரைப் பாதி விட்டமுள்ள குழாயிற் செலுத்தினால் உராய்வு இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ அன்று, ஏறத்தாழ 32 மடங்காகப் பெருகும். சிறிய குழாயை இட்டுப் பணத்தை மீதப்படுத்தினோம் என மகிழும் நிருவாகம், அம்மீதத்தைப் பின்னர் ஒவ்வொரு மாதமும் மின்கட்டணமாகச் செலுத்தும். இவ்வுராய்வினாலேயே, ஒரே குழாயில் இரு பம்பிகளை இணைத்து ஓட்டினாலும் நீர் இருமடங்காவதில்லை. நீர் மிகமிக உராய்வும் மிகுதலால், இரண்டாவது பம்பி சேர்ப்பது முதலாவதினும் குறைவே. இதனை அறியாது, பம்பியைக் கூட்டினால் நீர் கூடும் என்று எண்ணிப் பொருளை விரயஞ்செய்த ஊர்கள் பல.

குடிநீரைப் பொறுத்தவரை, எங்கிருந்து எடுக்கின்றோம் என்பது எவ்வாறு எடுக்கின்றோம் என்பதனினும் முக்கியமாகும். யாழ்ப்பாணக் குடாநாடு இதற்குச் சிறந்த சான்று. இங்கு ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையினூடே இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் சிறிதே இலேசானது. ஆதலால், கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும். ஒல்லாந்தப் பொறியியலாளரான பாடோன் கைபன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், செருமானியரான ஹேர்ஸ்பேக் 1901இலும் இக்கணக்கைத் தனித்தனியே வெளியிட்டனர். கணக்கின் மறுபக்கமோ அச்சந்தருவது. கிணற்றில் நீர்மட்டம் ஓரடி தாழ்ந்து அவ்வாறே நிலைத்துவிடின், அடியிலிருந்து உவர் நாற்பதடிவரை எழும்பக்கூடும். ஆடுகாலும் துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில், இறைப்பவன் களைத்துப்போதலே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரம் களைப்பதில்லை. ஆதலின் இத்தகைய நிலத்தில் ஒரு பெருங்கிணற்றில் ஒரு பெரும்பம்பியை வைத்தலினும், பல கிணறுகளினின்று மெல்லமெல்ல எடுத்தலே தக்கது. பம்பியின் அளவை நகரின் தேவை மட்டும் தீர்மானிக்க விடலாகாது; நிலத்தின் பொறுமையையும் கேட்டே தீர்மானித்தல் வேண்டும்.

கழிவுநீருக்கு வருவோம். இத்துறையில் உலகுக்கு வழிகாட்டியது இலண்டன் மாநகரம். அதுவும் தன் சொந்தத் துன்பத்தினாலே. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பாராளுமன்றத்தையே நிலைகுலையச் செய்தது. அதன்பின் யோசேப்பு பசல்கெற் என்னும் பொறியியலாளர், நதிக்கு இணையாக இருகரையிலும் பெருஞ் சாக்கடைகளை அமைத்துக் கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டுசென்றார். பெரும்பகுதி சரிவினாலேயே ஓடிற்று. தாழ்ந்த பகுதிகளின் கழிவை உயர்த்துதற்கு மட்டும் நீராவிப்பொறிகள் வேண்டியிருந்தன. தென்கரையில் குரொஸ்னெஸ் நிலையம் 1865 ஏப்பிரலில் திறக்கப்பட்டது; அரச குடும்பத்தினரின் பெயர் தாங்கிய நான்கு பேரியந்திரங்கள் அங்கு இயங்கின. வடகரையின் ஏபி மில்ஸ் நிலையம் 1868இலேயே முடிவுற்றது.

இவ்விடைக்காலம் கவனிக்கத்தக்கது. 1866இல் வாந்திபேதி இலண்டனை மீண்டும் தாக்கியபோது, அதன் கொடுமை பெரும்பாலும் நகரின் கீழ்ப்பகுதியிலேயே நிகழ்ந்தது. ஏபி மில்ஸ் நிலையம் முடிவுறாமையால், அப்பகுதியின் கழிவுநீர் புதிய சாக்கடையுடன் இன்னும் இணைக்கப்படவில்லை. அங்குக் குடிநீர் வழங்கிய கம்பனியின் மூடப்படாத தேக்கத்தினின்று அசுத்தநீர் சென்றமையும் விசாரணையில் வெளிப்பட்டது. ஒரு நிலையம் முடிவுறத் தாமதித்தமையும் ஒரு தேக்கம் மூடப்படாமையும் சேர்ந்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டன. எனினும் பசல்கெற்றின் திட்டம் கழிவை அகற்றியதேயன்றித் தூய்மை செய்யவில்லை. 1878 செப்தெம்பரில் பிரின்சஸ் அலிஸ் என்னும் பயணிகள் கப்பல் அக்கழிவு வாயில்களின் அண்மையில் மோதுண்டு மூழ்கி 600க்கு மேற்பட்டோர் மாண்டபோது, கழிவு கலந்த அந்நீரின் தன்மை குறித்தும் நாடெங்கும் பேச்செழுந்தது. ஏற்றுதல் வேறு, தீர்த்தல் வேறு.

கழிவுநீர் நிலையத்தின் உள்ளமைப்பில் உயிரானது, வருநீர் சேரும் கிணறு. இதனை ஈரக்கிணறு என்பர். பம்பிகளைத் தனியே வைக்கும் அறை உலர்கிணறு எனப்படும். சிறு நிலையங்களில் நீரினுள்ளேயே மூழ்கி இயங்கும் பம்பிகளும் உள. கிணறு எத்துணைப் பெரிதாயிருத்தல் வேண்டும்? மிகச் சிறிதாயின் பம்பி நொடிக்கொரு முறை தொடங்கி நின்று, ஒவ்வொரு தொடக்கத்திலும் மோட்டர் சூடேறிக் கெடும். மிகப் பெரிதாயின் கழிவு தேங்கிப் புளித்து, அழுகிய முட்டையின் நாற்றமுள்ள ஐதரசன் சல்பைட்டு வாயு உண்டாகும். அவ்வாயு சீமந்துச் சுவரை அரிக்கும்; கிணற்றினுள் இறங்குபவனைக் கொல்லும். முதலில் நாற்றமாய் எச்சரித்து, செறிவு மிகுந்ததும் மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்தல் அதன் வஞ்சகம். ஆதலால், நாற்றம் நீங்கிற்று என்று நம்பிக் கிணற்றில் இறங்குதல் ஒருபோதும் ஆகாது. ஒருவன் விழ, அவனைக் காக்க இறங்கியவனும் விழுந்த செய்திகள் எத்தனையோ நாடுகளிலிருந்து வந்துகொண்டேயிருக்கின்றன.

கிணற்றின் அளவைக் காண்பதற்கு ஓர் அழகிய கணக்கு உண்டு; உயர்வகுப்பு மாணாக்கர் தாமே செய்துபார்க்கலாம். பம்பியின் ஆற்றல் செக்கனுக்கு 40 இலீற்றர் என்க. மோட்டர் மணிக்குப் பத்து முறைக்குமேல் தொடங்கலாகாது. அதாவது, ஒரு தொடக்கத்திற்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 360 செக்கன் வேண்டும். வருநீர் எவ்வளவாயிருக்கும்போது பம்பி அடிக்கடி தொடங்கும்? வருநீர் மிகக் குறைவாயின் கிணறு நிரம்ப நெடுநேரமாகும். மிகுதியாயின் வெறுமையாக நெடுநேரமாகும். இரண்டும் தீங்கில்லை. பம்பியின் ஆற்றலிற் சரிபாதி வரும்போதே தொடக்கங்கள் மிகும். தொடங்கும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் இடைப்பட்ட கனவளவு 3,600 இலீற்றராயின், செக்கனுக்கு 20 இலீற்றர் வருங்கால் நிரம்ப 180 செக்கன், வெறுமையாக 180 செக்கன், ஆக 360 செக்கன். வருநீர் 10 இலீற்றராயினும் 30 இலீற்றராயினும் அச்சுற்று 480 செக்கனாக நீளும். எனவே, அனுமதிக்கப்பட்ட குறைந்த நேரத்தைப் பம்பியின் ஆற்றலாற் பெருக்கி நான்கால் வகுத்தால் வேண்டிய கனவளவு கிடைக்கும். பல இலட்சம் ரூபா பெறுமதியான கட்டடத்தின் பருமன் இச்சிறு கணக்கினின்று பிறக்கின்றது.

வெளியேறும் குழாயில் நீர் செக்கனுக்கு 0.6 மீற்றரளவு வேகத்திலேனும் ஓடாவிடின் மணலும் மலமும் படிந்து அடைத்துக்கொள்ளும். துணித்துண்டுகள் சுழலியிற் சுற்றுவதைத் தவிர்க்க அகன்ற வாயுள்ள சுழலிகளும், அவற்றுக்கு முன்னே கம்பித் தட்டிகளும் வைக்கப்படும். கட்டாயமான விதி ஒன்றும் உண்டு: நிலையத்தின் மிகப் பெரிய பம்பி பழுதாய்க் கிடந்தாலும், மிகுந்த வரத்தை ஏனையவை ஏற்றவேண்டும். இரண்டு பம்பி வேண்டுமாயின் மூன்று வைத்தலே முறை. வரவுசெலவுத் திட்டம் இறுகும்போது முதலில் வெட்டப்படுவதும் இம்மூன்றாவது பம்பியே.

மின்சாரம் திடீரெனத் தடைப்படும்போது இன்னோர் அபாயம் தோன்றும். நீண்ட குழாயில் ஓடிய நீர் ஒரு கணத்தில் நிற்க நேர்ந்தால், அதன் வேகம் அமுக்க அலையாக மாறிக் குழாய் நெடுகிலும் மோதும். யூக்கோவ்ஸ்கி என்னும் இரசிய அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொஸ்கோ நகரின் நீர்க்குழாய்களில் இதனைச் சோதித்தார். இரும்புக்குழாயில் இவ்வலை செக்கனுக்கு ஆயிரம் மீற்றர் அளவில் விரையும். நீரின் வேகம் செக்கனுக்கு ஒரு மீற்றர் குறைந்தால், எழும் அமுக்கம் நூறு மீற்றர் உயர நீர்நிரலுக்கு ஒப்பாகும். இரவில் யாரும் காணாமல் வெடிக்கும் குழாய்களுட் பல இவ்வலையால் வெடித்தவையே. வால்வுகளை மெல்ல மூடச்செய்தலும், காற்றடைத்த கலங்களைக் குழாயோடு இணைத்தலும் இதற்குப் பரிகாரம்.

மழைநீர் நிலையங்களின் தாயகம் ஒல்லாந்து எனலாம். ஹார்லெம் ஏரியின் நீர் 1836ஆம் ஆண்டுப் புயல்களில் ஒருமுறை அம்ஸ்ரடாம் வரையும், மறுமுறை லைடன் வரையும் பொங்கிற்று. அந்த ஏரியை வற்றச்செய்யும் எண்ணம் புதிதன்று. 160 காற்றாடிகளால் அதனை முடிக்கலாம் என்று லேக்வாற்றர் என்பார் 1641இலேயே எழுதினார். இரு நூற்றாண்டின் பின், மூன்றே நீராவி நிலையங்கள் 1849 முதல் 1852 வரை இறைத்து அவ்வேலையை முடித்தன. அவற்றுள் ஒன்றுக்கு லேக்வாற்றரின் பெயரே இடப்பட்டது. குரூக்கியஸ் எனும் மற்றொன்றின் பொறி 144 அங்குல விட்டமுள்ள உருளையை உடையது. இங்கிலாந்தின் கோண்வால் பகுதியிற் செய்யப்பட்ட அது இன்று காட்சிச்சாலையாய் விளங்குகின்றது.

ஒல்லாந்தரின் கலையை ஒத்த கலையிலே நம்பிக்கை வைத்து வளர்ந்த மற்றொரு நகரம் அமெரிக்காவிலுள்ள நியூ ஓர்லியன்ஸ். கிண்ணம் போன்ற அந்நிலத்தில் விழும் மழை தானாக வெளியேற வழியில்லை. பால்ட்வின் வூட் என்னும் பொறியியலாளர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 12 அடியும் பின்னர் 14 அடியும் விட்டமுள்ள திருகுப்பம்பிகளை ஆக்கினார். குறைந்த உயரத்துக்கு மிகப் பெருவாரியான நீரைத் தள்ளுவதில் அவை இணையற்றவை. அவற்றுட் சில நூறாண்டு கடந்தும் உழைத்தன. முதல் ஒரு மணிநேரத்தில் ஓரங்குல மழையும், பின்னர் ஒவ்வொரு மணிக்கும் அரையங்குலமும் அகற்றவல்லது அத்தொகுதி என்பது நெடுங்காலமாக வழங்கிய அளவை. சதுப்பு நிலம் வற்றியது, மக்கள் குடியேறினர், வற்றிய நிலமோ சுருங்கித் தாழ்ந்தது. நிலம் தாழத்தாழ மேலும் இறைக்க வேண்டியதாயிற்று. இறைக்க இறைக்க மேலும் தாழ்ந்தது.

இந்நகரின் பெருங்குறை பம்பியில் இருக்கவில்லை. அது நின்ற இடத்தில் இருந்தது. நிலையங்கள் முதலிற் கட்டப்பட்டபோது அவை நகரின் ஓரத்தில் நின்றன. அங்கிருந்து நீண்ட கால்வாய்கள் வெற்று நிலத்தினூடே வடக்கேயுள்ள ஏரிக்குச் சென்றன. பின்னர் நகரம் ஏரிவரை பரந்தது. கால்வாய்கள் வீடுகளின் கூரை மட்டத்தை ஒட்டிச் செல்லும் நீர்ச்சுவர்களாயின. அக்கால்வாய்களின் வாய் ஏரிக்குத் திறந்தே கிடந்தது. 2005 ஓகஸ்ற் 29ஆந் திகதி கத்திரீனா புயல் ஏரிநீரை உயர்த்தியபோது, அந்நீர் கால்வாய்களின் வழியே ஊரின் நடுவுக்கு வந்தது. சுவர்களின் மேல் விளிம்பை நீர் எட்டுமுன்னரே 17ஆம் வீதிக் கால்வாயிலும் இலண்டன் அவெனியூக் கால்வாயிலும் சுவர்கள் பெயர்ந்தன. நகரின் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பங்கு நீரில் மூழ்கிற்று. நிலையங்கள் பல மின்சாரமின்றியும் தாமே மூழ்கியும் நின்றன. இயங்கியவையும், உடைந்த கால்வாயில் நீரைத் தள்ளினால் அது ஊருக்கே திரும்பும் நிலை. அயலிலுள்ள ஜெபர்சன் மாவட்டத்தில், பணியாளரின் உயிர்காக்கும் நோக்குடன் அவர்களைப் புயலுக்குமுன் தொலைவான இடத்துக்கு அனுப்பியிருந்தனர். ஆள் இல்லாத பம்பிகள் ஓய்ந்திருக்க, அவற்றின் குழாய்களின் வழியே ஏரிநீர் பின்னோக்கி வந்து வீடுகளுட் புகுந்தது. புயலின் பின்னர் அம்மாவட்டத்தார், கடுங்காற்றையும் வெள்ளத்தையும் தாங்கும் காப்பறைகளை நிலையங்களிற் கட்டினர். மனிதன் தங்கியிருக்க ஓர் அறை வேண்டும் என்பதை வரைபடத்திற் சேர்க்க ஓர் ஊர் மூழ்கவேண்டியிருந்தது.

அதன் பின்னரும் பாடம் முற்றவில்லை. பழைய பம்பிகள் செக்கனுக்கு 25 சுற்றுள்ள மின்னோட்டத்தில் இயங்குவன. நாட்டின் பொது மின்சாரமோ 60 சுற்று. ஆகையால் அவற்றுக்கெனத் தனியே மின் பிறப்பித்தல் வேண்டியிருந்தது, அப்பிறப்பாக்கிகளும் முதுமையெய்தின. 2017 ஓகஸ்ற் 5ஆந் திகதி புயலேதுமின்றிக் கொட்டிய மழையில் வீதிகள் மூழ்கின. எல்லாப் பம்பிகளும் இயங்கின என்று முதலிற் சொல்லப்பட்டது. பல இயங்காதிருந்தமை சில நாட்களுள் வெளிப்பட்டது. பம்பி பழுதானது ஒரு குறை. பழுதென்பது மக்களுக்குத் தெரியாதிருந்தது அதனினும் பெருங்குறை. தெரிந்திருந்தால் வாகனத்தையாவது மேட்டில் நிறுத்தியிருப்பர்.

2005இன் அழிவுக்குப்பின், மூன்று பெருங் கால்வாய்களின் ஏரிமுகத்தில் கதவுகளும் புதிய நீரேற்று நிலையங்களும் அமைக்கப்பட்டன. நிரந்தரமான அமைப்பு 2018இல் நிறைவெய்தியது. புயலின்போது கதவு மூடப்படும். ஏரிநீர் கால்வாயுட் புகாது. ஆனால் உள்ளேயுள்ள பழைய நிலையம் கால்வாய்க்குள் எவ்வளவு நீரைத் தள்ளுகின்றதோ, அவ்வளவையும் அதே வேளையில் வாயிலிலுள்ள புதிய நிலையம் கதவுக்கு அப்பால் ஏற்றவேண்டும். ஒன்று முந்தி மற்றது பிந்தினால் கால்வாய் நிரம்பிச் சுவர்களை மீண்டும் நெருக்கும். ஆதலால் கால்வாயின் நீர் எம்மட்டத்தைக் கடக்கலாகாது என்பது வரையறுக்கப்பட்டு, இரு நிலையத்தாரும் அதனை நோக்கியவாறே இயக்குகின்றனர்.